கொலைகாரன் யார் என்று உன் மாமா கேட்டார்

கண்ணு,

நீ அனுப்பிய ஒப்பந்தத் தாள் வந்து சேர்ந்து நாளாகிறது. அதைச் சாமி மாடத்தில் மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நடுவில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டாய். மூட்டு வலி என்றேன். அடுத்த தடவை கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். கண்ணாடி உடையவில்லை, அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இது போனில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா அடுப்படியில் கரண்டியைக்கூட ஆட்டாமல் நின்று கேட்பாள். அதைவிட, உன் குரலைக் கேட்டால் நான் இளகிப்போய் "சரிடா கண்ணு" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் மடித்து வைக்காதே. உன் கதை இலாகாக்காரர்கள் கொண்டுவரும் எழுத்தை எல்லாம் பொறுமையாகப் படிக்கிறாய் அல்லவா, பெற்றவள் எழுத்தையும் ஒரு தடவை படி.

உனக்கு இது முதல் படம். யார் யாருக்கோ குடை பிடித்து, யார் யார் திட்டையோ வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் டைரக்டர் என்று உன் பெயர் தனியாகத் திரையில் வரப்போகிறது. அதுவும் உன்னைப் பெற்ற நைனா எழுதிய "எட்டாவது மாமரம்" நாவல். அவர் போனபிறகு கதை உரிமை என் பெயரில் இருப்பதால்தான் கையெழுத்துக்கு என்னிடம் வந்தாய். பெற்றவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஊரே கேட்கிறது. ஆனால் போன முறை வந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே கடைசிக் காட்சியை எனக்கு நடித்துக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா. "புக்குல வக்கீல்தான் கொலகாரன்னு எல்லாருக்கும் தெரியும்மா. பழைய படத்துல தாய்மாமன் கொலகாரன். அந்தப் படத்த இப்ப யாரும் பாத்ததில்ல, பிரின்ட்டே இல்ல. அதனால நானும் மாமனையே வெக்கப் போறேன், இன்னும் பயங்கரமா" என்றாய். நான் மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. உன் ஞாபகமெல்லாம் காமிராவை எங்கே வைப்பது என்பதில் இருந்தது, நீ கவனிக்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை. உனக்குத் தெரியாதே. தெரியாமல் வளர்த்தோம்.

அந்தக் கதையின் ஒவ்வொரு எழுத்தும் என் கை வழியாகப் போனது. உன் நைனா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, அவருடைய கையெழுத்து அவருக்கே பிடிபடாது. சாயங்காலம் வந்து கிறுக்கித் தள்ளுவார், நான் மறுநாள் மத்தியானம் திருத்தமாக எழுதி மெட்ராஸ் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பேன். சித்தூர் ஆந்திராவோடு போயிருந்த காலம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தினமும் ஒரு வதந்தி. புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு, திருத்தணி திரும்புமா என்று ஓட்டலில் காபி ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை போடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்ப்பலகையில் தார் பூசிவிட்டுப் போவார்கள். அந்தக் களேபரத்திலிருந்துதான் நைனா கதையை எடுத்தார். எல்லைப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. அதன் எட்டாவது மரத்தடியில் சொத்துக்காரப் பெண் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், தலை ஆந்திராவில், கால் மெட்ராஸில். இந்தப் பக்கத்துப் போலீஸ் உங்களுடையது என்கிறது, அந்தப் பக்கத்துப் போலீஸ் உங்களுடையது என்கிறது. வெயில் ஏறுகிறது, யாரும் தொடவில்லை. கடைசியில் அவளுடைய தாய்மாமன் வருகிறான். ஒருவரையும் கேட்காமல் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறான். பிணத்தைத் தொட்டவன் என்று சந்தேகம் முழுக்க அவன்மேல் விழுகிறது. உண்மையில் கொன்றவன், அவள் சொத்தைப் பார்த்துக்கொண்ட வக்கீல். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு போலீஸும் ஒன்றோடொன்று பேசாததால் இரண்டு பொய்யும் நிற்கின்றன. கடைசி அத்தியாயத்தில்தான் எல்லாம் வெளுக்கிறது.

அந்தத் தாய்மாமன் யார் என்று நினைக்கிறாய்? என் அண்ணன்தான், உன் மாமா. புத்தலப்பட்டில் கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தவர். சின்ன வயதில் கரும்பு ஆலையில் மாட்டி இடது கால் கொஞ்சம் இழுக்கும். எது சொன்னாலும் "ஆவட்டும்" என்பார். காதில் சிவப்புக்கல் கடுக்கன். நைனா அவரை அப்படியே தூக்கிக் கதையில் வைத்துவிட்டார், கடுக்கனைக்கூட விடவில்லை. மாமாவுக்கு இது தெரியும், தெரிந்து ஒரே பெருமை. வெல்ல மண்டிக்கு வரும் நாளில் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். படிக்கத் தெரியும், பொறுமை கிடையாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாமா, இந்த வாரமாச்சும் மாப்ள என்ன வுட்டாரா, இல்ல இன்னும் ஜெயில்லதான் கீறனா?" என்று கேட்பார். மாமன் நிரபராதி என்று அச்சில் வந்த அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் வெல்லம் உடைத்துக் கொடுத்தாராம். "ஆந்திரா போலீசும் வுட்டுட்சி, மெட்ராஸ் போலீசும் வுட்டுட்சி. இனிமே எவனும் என்ன ஒண்ணும் கேக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். தொடர் முடிந்து புத்தகமானது. ரயிலடிக் கடையில் அடுக்க அடுக்கக் காலியாயிற்று. சித்தூரில் நாங்கள் நடந்துபோனால், எட்டாவது மாமரத்துக்காரர் போகிறார் என்று காட்டுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை, நான் இப்போது நினைத்துப் பார்த்தாலும் இல்லை.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். மாமனாக நடிக்கப் போகிறவர் அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு, புத்தலப்பட்டில் மாமா வீட்டிலேயே வந்து தங்கினார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமா அவரைக் கரும்புக் கொல்லையில் நடக்கவிட்டுப் பின்னாலேயே போய்த் திருத்துவார். "அப்டி இழுக்காத சார். வலிக்கற மாரி இழுக்கற. எனக்கு வலியே இல்ல. கால் ஒண்ணு கீதுன்றதயே மறந்துட்ட மாரி இழு." அண்ணி வாசலில் நின்று, ஒரு நொண்டி போதாதென்று இன்னொரு நொண்டியா என்று சிரிப்பாள். கிளம்புகிற நாளில் நடிகர் தயங்கித் தயங்கிக் கடுக்கனைக் கேட்டார், படம் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்றார். எத்தனையோ வருடமாகக் கழற்றாத கடுக்கன், சோப்புத் தண்ணீர் விட்டு அண்ணிதான் கழற்றினாள். அது மாமாவின் காதுகுத்தலில் அவருடைய தாய்மாமன் போட்டது. வெறும் காதைத் தடவிக்கொண்டு, "கல்லு தெரியற மாரி லைட்டு போடச் சொல்லு சார்" என்று சொல்லி அனுப்பினார். கண்ணு, நீயும் இனிமேல் ஆட்களைப் பார்த்து அவர்கள் நடையை, பேச்சை, துணி உடுத்தும் விதத்தை எடுப்பாய். எடுக்காமல் உன் தொழில் நடக்காது. கொடுக்கிறவர்களுக்கு, தாங்கள் எதைக் கொடுக்கிறோம் என்று அந்த நேரத்தில் தெரிவதில்லை. அதை எடுக்கிறவன்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மெட்ராஸில் கதைப் பேச்சுக்கு நைனாவைக் கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் போனார். அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது பல வருடம் கழித்துத்தான். முதல் நாளே படத் தயாரிப்பாளர் கையைக் கூப்பிக் கும்பிட்டாராம். "எல்லை சமாசாரம் மட்டும் வேணாம் சார். இங்க ஓடினா அங்க கொளுத்துவான், அங்க ஓடினா இங்க கொளுத்துவான். கொட்டகை என் மாமனாரோடது" என்றாராம். எல்லையை எடுத்தால் கதையில் ஒரே ஒரு போலீஸ்தான். ஒரே போலீஸ் என்றால் வக்கீலின் பொய் அரை மணிநேரம் தாங்காது, இடைவேளைக்கு முன்பே மாட்டிவிடுவான். இரண்டு நாள் இப்படியும் அப்படியும் பிசைந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு டைரக்டர், புத்தகம் வாங்கின அத்தனை பேருக்கும் வக்கீல்தான் என்று தெரியுமே, எதற்கு டிக்கெட் எடுப்பான், யாரும் நினைக்காத ஆளைப் பிடிக்க வேண்டும் என்றாராம். அப்படித்தான் மாமன் கொலைகாரன் ஆனான். வேறு ஒன்றையும் மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற அதே காட்சிதான். புத்தகத்தில் படித்தபோது அழுதோம். படத்தில், செய்ததை மறைக்கத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று ஆக்கிவிட்டார்கள். நைனா மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாராம். உங்கள் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம், புத்தகம் வேறு படம் வேறு சார் என்று முதுகைத் தட்டினார்களாம். ஊருக்குத் திரும்பி வந்து அதே வார்த்தையைத்தான் என்னிடமும் சொன்னார், "படம் வேற, புக்கு வேற." என்ன வேறு என்று நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாமாவிடமும் அவர் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் விட்டாரா, வெட்கப்பட்டா, அல்லது படம் எப்படியும் நின்றுபோகும் என்று நம்பினாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

படம் திருப்பதிக்கு வந்தது. நீ அப்போது கைக்குழந்தை. உனக்குத் திருமலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமாவுக்குப் பிள்ளை இல்லை, நீ பிறந்ததிலிருந்தே அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். உனக்குப் போடப் பொன் கம்மல்கூட அடித்து வைத்திருந்தார். முந்தின நாளே திருப்பதி போய், மத்தியானக் காட்சி பார்த்துவிட்டு, காலையில் மலை ஏறுவது என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். புத்தலப்பட்டிலிருந்து சொந்தக்காரர்கள், மண்டிக்காரர்கள், ஒரு பஸ் ஜனம். புது வேட்டி, திருப்பி வந்த கடுக்கன் இரண்டு காதிலும். கொட்டகைக்குக் கிளம்பும்போது நைனா தலைவலி என்று சத்திரத்திலேயே படுத்துவிட்டார். மாமா அவரை விடவில்லை, "மாப்ள, நீங்க எய்தினது, நீங்களே வரலன்னா எப்டி" என்று வற்புறுத்தினார். நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம், மாமா தெரிகிற இடம்தான். நடிகர் காலை இழுத்துக்கொண்டு முதல் தடவை நடந்து வந்ததும் எங்கள் ஊர் வரிசை முழுக்க விசில். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "ஆவட்டும்" என்று நடிகர் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் மாமாவின் தொடையில் தட்டினார்கள். கடைசியில் ஒரு இருட்டு அறை. பெண்ணின் கழுத்தை நெரிக்கும் கைகள் மட்டும் தெரிகின்றன. பிறகு நிழல். நிழல் திரும்புகிறது, ஒரு காது மட்டும் வெளிச்சத்துக்கு வருகிறது, சிவப்புக்கல் பளிச்சென்று ஒரு மின்னு மின்னுகிறது. அவர் கேட்ட மாதிரியே லைட் போட்டிருந்தார்கள். கொட்டகையே மூச்சை இழுத்துப் பிடித்தது. எங்கள் வரிசையில் ஒருவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். மாமாவின் கை மெல்ல எழுந்து தன் காதைப் பொத்திக்கொண்டது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்தோம். மாமாதான் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். "பாட்டு நல்லாக்கீது" என்றார். கூட வந்த ஜனத்தைத் தேற்ற வேண்டிய கடமை அவர் தலையில் விழுந்தது.

மறுநாள் மலையில் உனக்கு மொட்டை போட்டார்கள், கத்திக் கூப்பாடு போட்டாய். காது குத்த ஆசாரி முன்னால் மாமா சம்மணமிட்டு உட்கார்ந்து, உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முந்தின நாள் கொட்டகையில் இருந்த குடும்பம் ஒன்றும் அங்கே வரிசையில் நின்றிருந்தது போலிருக்கிறது. அவர்கள் பெண் குழந்தை மாமாவின் சிவப்புக்கல் கடுக்கனைக் கை நீட்டிக் காட்டி, "அம்மா, சினிமாலோ சம்பினோடு" என்று தெலுங்கில் சொன்னது, சினிமாவில் கொன்றவன் என்று. அந்தத் தாய் குழந்தையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்தவளும் சிரித்தாள், வேண்டுமென்று செய்யவில்லை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமா உன்னைத் தூக்கி என் மடியில் வைத்தார். "நான் வெச்சிக்கலமா. மங்கள காரியம், ஜனங்க ஒரு மாரி பாக்கறாங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்." நான் கெஞ்சினேன். அண்ணி அழுதாள். வேறு மாமன் இல்லையா என்று ஆசாரி கேட்டார். எனக்கு ஒரே அண்ணன், வேறு யாரை உட்கார வைப்பேன். நைனா கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னை மொட்டைத் தலையோடு, குத்தாத காதோடு கீழே கொண்டுவந்தோம். நைனாவுக்கு இந்தச் சடங்கில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேனே, அது பொய். மாமா சொன்ன அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

மாமா கொலை செய்வார் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம், இல்லை என்று நிரூபித்திருக்கலாம். நம்பாமலே வேடிக்கை பார்த்தார்கள். மண்டியில் தராசுக்காரன், "மாமா, கைய எடு, பயமாக்கீது" என்பான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளைகள் அம்மாவோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிடாத குழந்தைக்கு அவரைக் காட்டிச் சோறு ஊட்டியவர்கள்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் அவர் சிரித்துவிட்டுப் போனார். கடுக்கனைக் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம், ஒரே ஒரு தடவை தவிர, எந்தக் குழந்தையையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. நம் வீட்டுக்கும் நீ பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார். உன் மார்க்கு எல்லாம் அவருக்குத் தெரியும், நீ எந்தச் சட்டை போட்டுப் போனாய் என்றுகூடக் கேட்பார். மாமாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று நீ ஒரு தடவை சொன்னாய். நான் உன்னைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் ஏன் என்று கேட்பாயே. நைனா ஒரு தடவை தனியாகப் புத்தலப்பட்டுக்குப் போனார், மன்னிப்புக் கேட்க. இலையில் உட்கார வைத்து, இவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமா இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாராம். "துன்னுங்க மாப்ள, சோறு ஆறுது" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லையாம். நைனா சாகும்வரை அந்தச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது. ஒண்ணாவதோ இரண்டாவதோ படிக்கும்போது மதில்மேல் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டாய். நைனா ஊரில் இல்லை. ஆள் அனுப்பினேன், மாமா போட்டது போட்டபடி வந்து நம் இருவரையும் புத்தூருக்குக் கட்டுப் போடக் கூட்டிக்கொண்டு போனார். எலும்பை இழுத்து நேர் செய்யும்போது பிள்ளை அசையக் கூடாது, மடியில் வைத்து இறுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். என்னால் பார்க்கவே முடியவில்லை. மாமாதான் உட்கார்ந்தார். மலையில் இறக்கிவிட்ட பிள்ளையை அன்றைக்குத்தான் மறுபடி மடியில் எடுத்தார். கட்டுக்காரர் கையை இழுத்ததும் நீ துடித்துப்போய், மாமாவின் முகத்தைப் பார்த்து, "கொலகாரா, வுட்ரா, கொலகாரா" என்று கத்தினாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்த வார்த்தை. உனக்கு அர்த்தம்கூடத் தெரிந்திருக்காது. மாமா பிடியைத் தளர்த்தவில்லை. மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றி முடியும்வரை உன்னை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "ஆச்சி ராசா, ஆச்சி ராசா" என்று உன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உனக்குப் பன் வாங்கிக் கொடுத்தார். உன் இடது கை இன்றைக்கு நேராக இருக்கிறதென்றால், அன்றைக்கு அவர் விடாமல் பிடித்ததால்தான். இதைச் சொல்லி உன்னை அழவைக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் நீயே திரும்ப அந்த வார்த்தையை அவர்மேல், இந்தத் தடவை ஊர் பார்க்க, பெரிய எழுத்தில் போடப் போகிறாய். அதனால் தெரிந்துகொண்டு போடு.

போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் புத்தலப்பட்டுக்குப் போனேன். அண்ணி போனபிறகு மாமா தனியாகத்தான் இருக்கிறார். போன மழைக்காலத்திலிருந்து மூச்சு இரைக்கிறது. நாலு எட்டு வைத்தால் நிற்கிறார். சித்தூர் டாக்டர், இருதயம் பலவீனம், அலையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். உனக்குப் படம் கிடைத்ததைச் சொன்னேன். முகம் அப்படி மலர்ந்தது. "மருமவன் பேரு ஸ்கிரீன்ல வருமா? ஒண்டியாவா, இல்ல பத்துப் பேரோட சேத்துப் போடுவாங்களா?" என்று கேட்டார். ஒண்டியாகத்தான் வரும் என்றேன். என்ன கதை என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கயிற்றுக் கட்டிலின் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு, "கொலகாரன் யாரு?" என்று கேட்டார்.

வக்கீல் என்று பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததிலேயே புரிந்துகொண்டார். "ஆவட்டும்" என்றார். வெகுநேரம் கழித்து, நான் கிளம்ப எழுந்தபோது கூப்பிட்டார். "நைனாகிட்ட சொல்லு" என்றார். உன்னைத்தான் நைனா என்கிறார், உன் காதுபட ஒரு நாளும் சொன்னதில்லை. "நைனாகிட்ட சொல்லு. நல்லா எடுக்கட்டும், இன்னா வேணும்னாலும் வெச்சி எடுக்கட்டும். ரிலீஸ் மட்டும் நான் போனப்பறம் பண்ணிக்கச் சொல்லுமா. ரொம்ப நாள் ஆவாது. அவனுக்கும் நஷ்டம் வரக் கூடாது பாரு." இதைக் கோபமாகச் சொல்லவில்லை கண்ணு. உனக்கு ஒரு உதவி செய்கிற மாதிரி சொன்னார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க நான் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

ஒப்பந்தத் தாளை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. என் அண்ணன் எப்போது சாவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு படத்துக்கு என் கை கையெழுத்துப் போடாது, நீ என்னதான் பிள்ளையாக இருந்தாலும் போடாது. இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வருமா என்று உனக்கு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். எனக்கும் அடித்துக்கொள்கிறது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. நைனா எழுதினதை எழுதினபடி எடு. பயந்துபோய் வெட்டினார்களே, அந்த எல்லையைத் திரும்பக் கொண்டுவந்து வை. இப்போது யாரும் கொட்டகையைக் கொளுத்த மாட்டார்கள், அந்தச் சண்டை போட்டவர்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு போலீஸும் தொடாத பெண்ணை ஒருவன் தூக்கிக்கொண்டு நடப்பதைக் காட்டு. கொன்றவன் வக்கீலாகவே இருக்கட்டும். இதற்கு உன் தயாரிப்பாளர் சம்மதித்தால் புதுத் தாளோடு வா, அன்றைக்கே போட்டுத் தருகிறேன்.

முடிவு தெரிந்த படத்தை யாரம்மா பார்ப்பாங்க என்று கேட்பாய். நான் பார்ப்பேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் உடம்பு இருக்கிற இருப்பைச் சொல்லிவிட்டேன். சீக்கிரம் எடு.

அம்மா